ஆம்ப்ரோஸ் சுட்ட உருளைக்கிழங்கு

எங்கள் பக்கத்து வீட்டு ஆம்ப்ரோஸ் அண்ணனுக்குச் சமைக்கத் தெரிந்தது ஒரே ஒரு பதார்த்தம். சுட்ட உருளைக்கிழங்கு. அந்த ஒன்றையும் அவரால் சொந்த வீட்டில் பல வருஷமாகச் செய்ய முடியவில்லை. அந்த வீட்டு அடுப்படி அவருடைய மாமியார் ரோசம்மாவின் ராஜ்ஜியம். ஆம்பிளைகள் உள்ளே வந்தால் பால் திரிந்துவிடும் என்பது அந்த அம்மாள் கண்டுபிடித்த விஞ்ஞானம்.

நான் சந்திரமதி. கிளமெண்டி அடுக்குமாடியில் அடுத்தடுத்த வீடு, நடுவில் ஒரு சுவர். எனக்கு வம்பு பிடிக்கும் என்று என் வீட்டுக்காரர் சொல்லுவார். வம்பு தானாகச் சுவர் தாண்டி வந்தால் நான் என்ன காதைக் கழற்றியா வைக்க முடியும்?

ஆம்ப்ரோஸ் அண்ணன் ஜூரோங்கில் ஒரு கப்பல் பட்டறையில் ஸ்டோர் பார்த்தார். வெல்டிங் குச்சிகளில் ஈரம் ஏறினால் பற்றவைப்பு உருப்படாது. அதனால் அவற்றைச் சூடான இரும்புப் பெட்டிகளில் வைத்திருப்பார்களாம். அந்தப் பெட்டிகளில் பழசாகி ஓரங்கட்டிய ஒன்று அண்ணனின் கண்ணில் பட்டது. மறுநாளே அதற்குள் உருளைக்கிழங்கு குடியேறிவிட்டது. கிழங்கைத் தோலோடு கழுவித் துடைத்து, முள்கரண்டியால் நாலு குத்துக் குத்தி, எண்ணெயும் உப்பும் மிளகுத்தூளும் தட்டிய பூண்டும் தடவி, வெள்ளித்தாளில் சுற்றி உள்ளே வைத்துவிடுவார். மத்தியானச் சங்கு ஊதும்போது எடுத்து, நடுவில் கீறி, மார்ஜரினும் துளி மிளகாய்த்தூளும் வைத்து நீட்டுவார். வெல்டர்கள் வீட்டுச் சாப்பாட்டை மறந்து வரிசையில் நிற்பார்களாம். குத்தாமல் வைத்த கிழங்கு ஒருமுறை உள்ளேயே வெடித்து, சூப்பர்வைசர் பாய்லர் போய்விட்டது என்று வெளியே ஓடினாராம். இதை அண்ணன் சொல்லும்போது முகத்தில் ஒரு பெருமை இருக்கும்.

பட்டறை முழுக்கப் பேர் வாங்கியவருக்கு வீட்டில் ஒரு பேர் கிடைக்கவில்லை. ரோசம்மா அவரை ஒருநாளும் "மாப்பிள்ளை" என்று அழைத்ததில்லை.

அதற்குக் காரணம் அவர்கள் கல்யாணச் சாப்பாடு. அந்தப் பொறுப்பை மாப்பிள்ளை வீட்டார் ஏற்றிருந்தார்கள். ஆம்ப்ரோஸ் அண்ணன் வாய் சும்மா இருக்காமல் தம்முடைய ஷிப்ட் முழுவதையும் அழைத்துவிட்டார். பந்திக்கு முந்து என்று யாரோ சொல்லிக்கொடுத்து அனுப்பியதுபோல அத்தனை வெல்டர்களும் கம்பெனி பஸ்ஸிலேயே வந்து இறங்கி, முதல் பந்தியிலேயே பிரியாணி அண்டாவின் அடியைக் கண்டுவிட்டார்கள். கடைசியில் பெண்ணைப் பெற்றவளுக்குச் சோறு இல்லை. கோயில் வளாகத்துக்கு வெளியே இருந்த கடையில் ரொட்டி வாங்கி, வாழைப்பழத்தோடு தின்றார் ரோசம்மா. அன்றைக்குத் தின்ற ரொட்டி அவருக்கு இன்னும் செரிக்கவில்லை.

அதன்பிறகு அவர் மருமகனிடம் பேசுவதெல்லாம் காற்றோடுதான். வீட்டில் ஆம்ப்ரோஸ் அண்ணனைத் தவிர ஆளே இல்லாத நேரத்தில், பிரிட்ஜைப் பார்த்து, "இந்த வீட்டுல யாராச்சும் உப்பு வாங்கியாந்தா நல்லாருக்கும்" என்பார். பிரிட்ஜா போகும்? அண்ணன்தான் சட்டையை மாட்டுவார். வெளியாரிடம் பேசினால் மகள் பேரைச் சொல்லி "ஜோசபின் வீட்டுக்காரரு". அதற்கு மேல் ஓர் அங்குலம் ஏறாது.

"என் கையால ஒரு வேளை அத்தைக்கு வயிறாரப் போட்டுட்டா எல்லாம் சரியாப் போயிடும், சந்திரா" என்று அண்ணன் என்னிடம் சொல்லுவார். எனக்குப் பாவமாக இருக்கும். பாவமாக இருந்தாலும் சிரிப்பு வரும்.

எண்பத்திரண்டில் கம்பெனி விருந்தில் அதிர்ஷ்டக் குலுக்கலில் அண்ணனுக்கு ஒரு அவன் விழுந்தது. கண்ணாடிக் கதவு வைத்த மின்சார அடுப்பு. கம்பெனி பஸ்ஸில் அதற்குத் தனி சீட் கொடுத்து, மடியில் கைக்குழந்தையை வைத்திருப்பவர்போல ஒரு கையால் அணைத்துக்கொண்டு வந்தார். கூடவே ஒரு பெரிய சுருள் வெள்ளித்தாள். பழம் நழுவிப் பாலில் விழுந்தது என்றுதான் நினைத்தார்.

மறுநாள் வேலையிலிருந்து வந்து பார்த்தால் அவனுக்குள் முறுக்குக் குழல், தோசைக்கல், அப்பள டின். கதவு உள்ள பெட்டி, கரப்பான் ஏறாது, உள்ளே இருப்பது வெளியே தெரியும். இதைவிட நல்ல அலமாரி தேக்கா சந்தையில் கிடைக்குமா என்று ரோசம்மா சுவரைக் கேட்டார். வெள்ளித்தாளும் அவர் கைக்குப் போனது. பெருங்காயத்திலிருந்து ஜெபமாலை வரைக்கும் சுற்றி வைத்தார். ஜோசபின் அக்கா அம்மாவுக்கும் புருஷனுக்கும் நடுவில் வாயைத் திறக்காத மனுஷி. அந்த அவன் அலமாரியாகவே ஒரு வருஷம் ஓட்டியது.

இதற்கிடையில் ரோசம்மா அதற்குள் இன்னொன்றும் வைத்தார். அது யாருக்கும் தெரியாது. பிப்ரவரியில் கோயிலில் மெழுகுதிரி மந்திரித்துக் கொடுப்பார்கள். உயிர் பிரியும் நேரத்தில் அதை ஏற்றிக் கையில் பிடிக்கவைப்பது அவர்கள் வழக்கம். ரோசம்மா தமக்கென்று தடியாக ஒன்று வாங்கி, நீல ரிப்பன் கட்டி, வெள்ளித்தாளில் சுற்றி, அவனின் கீழ்த்தட்டில் பின்னால் தள்ளி வைத்திருந்தார். உடம்பு கல்லுக்குண்டு. ஆனாலும் முன்னேற்பாடு.

ஆகஸ்டில் ரோசம்மாவின் பேர்கொண்ட புனிதையின் திருநாள் வந்தது. அன்றைக்கு வீட்டில் நெய்ச்சோறும் கோழிக்குழம்பும் உண்டு, எனக்கும் அழைப்பு உண்டு. அந்த வாரம் ஜோசபின் அக்கா அதிசயமாக வாயைத் திறந்தார்.

"அம்மா, தொட்டுக்க மட்டும் இவரு செய்யட்டுமே. ஒரே ஒரு நாள்தானே."

ரோசம்மா அம்மியைப் பார்த்தார். "தோலோட கிழங்கு திங்க நான் என்ன மாடா?"

பிறகு யோசித்து, "செய்யறவங்க செய்யட்டும். பால்பாத்திரத்த மட்டும் யாரும் தொடவேணாம்" என்றார்.

ஆம்ப்ரோஸ் அண்ணனுக்கு அது போதும். தேக்காவுக்கு என்னையும் இழுத்துக்கொண்டு போனார். அப்துல் கஃபார் கடையில் ஒவ்வொரு கிழங்காக எடுத்து, உருட்டி, அளவு பார்த்து, ஒன்றோடு ஒன்று ஒப்பிட்டு வைத்தார். எல்லாம் ஒரே பருமனாக இருந்தால்தான் ஒன்றாக வேகுமாம்.

கஃபார் பொறுத்துப் பொறுத்துப் பார்த்தார். "அண்ணே, சமைக்கிறதுக்கா, இல்ல சம்பந்தம் பேசறதுக்கா லா? சீக்கிரம் எடுங்க, பின்னால ஆளுங்க நிக்கிறாங்க."

"மாமியாருக்குப்பா" என்றார் அண்ணன்.

கஃபாருக்கும் மாமியார் உண்டுபோல. "அப்ப மெதுவாவே எடுங்க" என்றார்.

திருநாளன்று ரோசம்மா காலைப் பூசைக்குப் போனதும் அண்ணன் வேலையைத் தொடங்கினார். முறுக்குக் குழல் வெளியே, தோசைக்கல் வெளியே, அப்பள டின் வெளியே. கீழ்த்தட்டின் மூலையில் வெள்ளித்தாள் சுற்றிய நீளமான ஒன்று கண்ணில் பட்டது. ரோசம்மாவுக்குச் சர்க்கரைவள்ளிக்கிழங்கு என்றால் உயிர். அம்மாவுக்காக ஜோசபின்தான் ரகசியமாக ஒன்றைச் சுற்றி வைத்திருக்கிறாள் என்று அண்ணனுக்குத் தோன்றியது. மனம் நெகிழ்ந்து அதை அங்கேயே விட்டுவிட்டு, மேல்தட்டில் உருளைக்கிழங்குகளை அடுக்கி, சுவிட்சைப் போட்டார்.

பூசை முடிந்து வந்த ரோசம்மா வாசலிலேயே நின்று மூக்கை உறிஞ்சினார்.

"கோயில் வாசனை வருதே, சந்திரமதி. நல்ல சகுனம்."

வாசனை எனக்கும் வந்தது. மார்ஜரின் என்று நினைத்துக்கொண்டேன். நானும் சமைக்கிறவள்தான், என்ன பிரயோஜனம்?

மேசையில் எல்லாரும் உட்கார்ந்தோம். அண்ணன் கிழங்குகளைத் தட்டில் கொண்டுவந்து வைத்தார். ரோசம்மா சாப்பாட்டு ஜெபம் தொடங்கினால் லேசில் முடியாது. போப்பாண்டவருக்கு ஒன்று, உத்தரிக்கிற ஆன்மாக்களுக்கு ஒன்று, மழைக்கு ஒன்று, எங்கள் மாடி லிப்ட் பழுதாகாமல் இருக்க ஒன்று. அதற்குள் தட்டு ஆறிவிட்டது.

ஆமென் சொன்னதும் ஜோசபின் அக்காவும் பிள்ளைகளும் நானும் பாய்ந்தோம். தோல் மொறுமொறு, உள்ளே மாவு. பூண்டும் மிளகும் நாக்கைச் சுண்டின. சும்மா சொல்லக்கூடாது, நெய்ச்சோறு தோற்றது. ஆம்ப்ரோஸ் அண்ணன் எங்களைக் கவனிக்கவே இல்லை. நீளமான அந்தப் பொட்டலத்தை இரண்டு கையாலும் எடுத்து ரோசம்மாவின் தட்டில் வைத்தார்.

"அத்தை, இது உங்களுக்குன்னே செஞ்சது."

ரோசம்மா எங்கேயும் பார்க்காமல் தாளைப் பிரித்தார். உள்ளே வெள்ளையாகக் கொழகொழவென்று ஒரு களி. அதன் நடுவில் ஒரு திரி. பக்கத்தில் ஒரு நீல ரிப்பன்.

என் பல்லுக்கிடையில் கிழங்கு அப்படியே நின்றது.

"அம்மா" என்றார் ஜோசபின் அக்கா, "மெழுகுதிரிய எதுக்கும்மா அடுப்புக்குள்ள வச்சீங்க?"

"அது அலமாரிடீ" என்றார் ரோசம்மா. "அலமாரிய யாராச்சும் கொளுத்துவாங்களா?"

ஆம்ப்ரோஸ் அண்ணன் முகத்தைப் பார்க்க எனக்குச் சகிக்கவில்லை. கல்யாணத்தில் சோறு போடாமல் விட்டார். இத்தனை வருஷம் கழித்து மெழுகு போட்டிருக்கிறார். அதுவும் மாமியாரின் சாவுக்கு வைத்திருந்த மெழுகை.

"வேற வாங்கித் தந்துடறேன், அத்தை" என்றார்.

ரோசம்மா ரிப்பனைத் தூக்கிப் பார்த்தார். "கடையில விக்கிற திரியா இது? சாமியார் மந்திரிச்சது. இனிமே பிப்ரவரி வந்தாத்தான்."

எனக்கு வாய் சும்மா இருக்காதே.

"அப்ப பிப்ரவரி வரைக்கும் நீங்க சாக முடியாது, ரோசம்மா அம்மா" என்றேன்.

சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டேன். ரோசம்மா என்னைப் பார்த்தார். நான் சொன்னதை ஒருமுறை மனத்துக்குள் புரட்டிப் பார்ப்பது தெரிந்தது.

"முடியாதுதான்" என்றார். "அது வரைக்கும் உசிரோட இருந்துதான் ஆகணும்."

"ஆமா."

"உசிரோட இருக்கணும்னா சாப்பிடணும்."

மெழுகை ஓரமாகத் தள்ளிவிட்டு, தட்டில் கடைசியாக இருந்த உருளைக்கிழங்கை எடுத்தார். பிட்டார். தோலை உரிக்கப் போன விரல் பாதியில் நின்றது. தோலோடு வாயில் போட்டார். மெதுவாக, கடைசித் துணுக்குவரை தின்றார். ஆம்ப்ரோஸ் அண்ணன் மூச்சு விட்டாரா என்றே எனக்குச் சந்தேகம்.

விரலைச் சப்பிவிட்டு ரோசம்மா தலையை நிமிர்த்தினார்.

"மாப்பிள்ளை, இன்னொன்னு வைங்க."

அண்ணன் திரும்பித் தமக்குப் பின்னால் யார் நிற்கிறார்கள் என்று பார்த்தார்.

"உங்களத்தான்" என்றார் ரோசம்மா.

தட்டில் கிழங்கு இல்லை. மற்றதையெல்லாம் நாங்கள் எப்போதோ காலி செய்திருந்தோம். அண்ணனின் தட்டில் மட்டும் ஒன்று, தாளைக்கூடப் பிரிக்காமல் இருந்தது. அதைப் பிரித்து, நடுவில் கீறி, மார்ஜரின் வைத்து, மாமியாரின் தட்டில் வைத்தார்.

"உங்களுக்கு?" என்று கேட்டார் ரோசம்மா. இந்த முறை நேராக அவர் முகத்தைப் பார்த்து.

"நான் ரொட்டி தின்னுக்கறேன், அத்தை" என்றார் ஆம்ப்ரோஸ் அண்ணன்.

ரோசம்மா கிழங்கை இரண்டாகப் பிட்டு, பெரிய பாதியை அவர் தட்டில் வைத்தார்.