அப்பாவின் இடது பக்கம்

அவளுக்குச் 'சோடாபுட்டி' என்று பெயர் வைத்தது பெற்ற தகப்பனேதான். கரும்பலகை தெரியவில்லை என்று பள்ளியிலிருந்து அழுதுகொண்டு வந்தவளைத் தூக்கிக் கடை நாற்காலியில் உட்காரவைத்து, கண்ணைச் சோதித்து, தடித்த லென்ஸ் போட்ட கண்ணாடியைத் தன் கையாலேயே மாட்டிவிட்டார். "வாடி என் சோடாபுட்டி!" என்று கன்னத்தைக் கிள்ளினார். அதன் பிறகு பள்ளியில் எவனாலும் அந்தப் பெயரைச் சொல்லி அவளை அழவைக்க முடியவில்லை. "அது எங்கப்பா வெச்ச பேரு, உனக்கென்ன?" என்று கேட்டுவிடுவாள்.

அப்பா வைத்திருந்தது மூக்குக் கண்ணாடிக் கடை. கீழே கடை, மேலே வீடு. கடை நீளமே தவிர அகலம் கிடையாது. எதிரும் புதிருமாக இரண்டு பேர் வந்தால் ஒருவர் சுவரோடு ஒட்டிக்கொள்ள வேண்டும். எழுத்துப் பலகையை வேண்டிய தூரத்தில் மாட்ட இடம் போதாததால், சோதனை நாற்காலிக்குப் பின்னால் பலகையையும், எதிர்ச் சுவரில் ஒரு நிலைக்கண்ணாடியையும் மாட்டியிருந்தார். பலகையில் எழுத்துகள் இடவலம் மாறி இருக்கும், நிலைக்கண்ணாடியில் நேராகிவிடும். சின்ன வயதில் அவள் எழுத்து கற்றதே அந்தப் பலகையில்தான். அதனால் கொஞ்ச காலம் எல்லாவற்றையும் திருப்பித்தான் எழுதிக்கொண்டிருந்தாள்.

கண் பரிசோதனைப் படிப்பை முடித்துவிட்டு அவளும் கடைக்கே வந்து சேர்ந்தாள். முன்மேசையில் அம்மா. நடுவில், நாற்காலியும் பலகையுமாக அவள். பின்னால், லென்ஸ் தேய்க்கும் இயந்திரத்தோடு அப்பா. இயந்திரம் ஓடும்போது கடை முழுக்க உயிர் போவதுபோல் ஒரு சத்தம். அதையும் மீறி அம்மாவின் குரல் கேட்கும். அப்பாவோ எத்தனை வேலை இருந்தாலும் பேச்சுக்கு வந்துவிடுவார். ஒரு முறை ஒருவர் கறுப்பு ஃபிரேமைப் போட்டுப் பார்த்துவிட்டு, "இதைப் போட்டா நல்லா படிச்சவன் மாதிரி தெரியுமா?" என்று கேட்டார்.

"தெரியும். வாயைத் தொறக்காம இருக்கணும்," என்றார் அப்பா உள்ளேயிருந்து.

வந்தவர் சிரித்துக்கொண்டே வாங்கிப் போனார்.

நாற்பதைத் தாண்டியவர்கள் யார் வந்தாலும் அவள் விடமாட்டாள். "கண் அழுத்தம் என்னிக்காவது பாத்திருக்கீங்களா? அது கூடினா வலிக்காது, எரியாது. ஓரத்துலேருந்து பார்வையைத் தின்னுக்கிட்டே வரும். எழுத்தெல்லாம் கடைசி வரைக்கும் நல்லாத்தான் தெரியும். அதனால ஏமாந்துடாதீங்க. கண் ஆஸ்பத்திரிக்கு ஒரு நடை போயிட்டு வந்துடுங்க." பாடம் ஒப்பிப்பது போலத் தினமும் சொல்வாள். அம்மாவுக்கே அது மனப்பாடம் ஆகிவிட்டது.

வெளிநாட்டில் ஒரு பெரிய கண் மருத்துவமனையில் வேலை கிடைத்தபோது வீட்டில் அதிகம் சந்தோஷப்பட்டவர் அப்பாதான். தெருவில் போகிறவர் வருகிறவரிடமெல்லாம் சொன்னார். அவளுக்கும் அது நெடுநாள் ஆசை. கடை இருந்த அந்தச் சந்தில் வெயில்கூட எட்டிப் பார்த்துவிட்டுத்தான் போகும். நல்ல இயந்திரங்கள், பெரிய அறைகள், தன் பேச்சுக்கு மதிப்புள்ள ஒரு வேலை. இவையெல்லாம் வேண்டுமென்று அவள் மனசு கிடந்து அடித்துக்கொண்டிருந்தது.

பெட்டி கட்டிக்கொண்டிருந்த நாட்களில்தான் அவள் அப்பாவைக் கவனித்தாள். ஷட்டரின் இடது தூணில் தோளை இடித்துக்கொண்டார். மறுநாளும் அதே தூண், அதே தோள். அவள் இடது பக்கமிருந்து நீட்டிய டீயை அவர் வாங்கவே இல்லை. ஏதோ யோசனை போலிருக்கிறது என்று நினைத்தாள். ஸ்கூட்டரில் போகும்போது ஒரு தள்ளுவண்டியை உரசிக்கொண்டு வந்து நின்றார்.

"கண்ணாடிக் கடைக்காரருக்குக் கண்ணு பிடரியில இருக்கு போல," என்றாள் அம்மா. எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள்.

அன்று மத்தியானம் கடையில் ஆள் இல்லை. "உக்காருப்பா, கண்ணைப் பாத்துடலாம்," என்றாள்.

"எனக்கேவா? இந்தப் பலகையை நான் தூக்கத்துலயும் சொல்லுவேன்டி."

"பரவால்ல, சொல்லு."

வலது கண்ணை மூடினாள், படித்தார். இடது கண்ணை மூடினாள், படித்தார். கடைசி வரி வரைக்கும் தடங்கலே இல்லை. அடுத்துச் செய்ய வேண்டியது என்ன என்று அவளுக்கு நன்றாகத் தெரியும். அவர் காதுக்குப் பக்கத்தில் இரண்டு விரலை நீட்டி, "நேரா பாத்துக்கிட்டே சொல்லுப்பா, எத்தனை விரல்?" என்று கேட்க வேண்டும். மூச்சு விடும் நேரம்கூட ஆகாத காரியம். அவள் கை எழும்பியது. எழும்பிய கை அப்பாவின் சட்டைக் காலரைச் சரி செய்துவிட்டு இறங்கிவிட்டது.

அவருக்கு விரல் தெரியாவிட்டால் தன்னால் போக முடியாது. அப்படி வார்த்தையாக அவள் நினைக்கவில்லை. நினைத்திருந்தால் தன்னையே அவளால் தாங்கியிருக்க முடியாது.

"எல்லாம் சரியா இருக்குப்பா."

"பின்னே?" என்று அவர் எழுந்தார்.

ஆஸ்பத்திரியில் ஒரு தடவை காட்டிவிடச் சொல்ல வேண்டும் என்று விமான நிலையத்துக்குப் போகிற வழியெல்லாம் நினைத்தாள். அங்கே அழுகையிலும் அவசரத்திலும் சொல்லவில்லை. ஃபோனில் சொல்லிக்கொள்ளலாம் என்று விட்டாள். ஃபோனில் பேச எத்தனையோ இருந்தது.

போன இடத்தில் அவளுக்கு ஓர் அறை கிடைத்தது. ஜன்னலைத் திறந்தால் குப்பைத் தொட்டிகளும் எதிர்க் கட்டடத்தின் குழாய்களும். ஆனால் மருத்துவமனை அவள் நினைத்த மாதிரியே இருந்தது. வெளிச்சம், சுத்தம், சத்தமே இல்லாத இயந்திரங்கள். மருத்துவரைப் பார்க்கும் முன்பு நோயாளிகளுக்கு முதல் கட்டச் சோதனைகள் செய்வது அவள் வேலை. மெல்ல மெல்ல அந்த ஊரின் பேச்சும் நாக்குக்குப் பழகியது. தலைமை மருத்துவர் உயரமான ஒரு பெண்மணி, அதிகம் பேசமாட்டார். "இதை அந்தக் கண்ணாடிக்காரப் பொண்ணு செஞ்சாளா? அப்ப சரியா இருக்கும்," என்று அவர் ஒருவரிடம் சொன்னது காதில் விழுந்த அன்று, அவள் தரையில் கால் பாவாமல் நடந்தாள்.

ஓரப் பார்வையை அளக்கப் புதிதாக ஓர் இயந்திரம் வந்து இறங்கியது. பெரிய வெள்ளைக் கிண்ணத்தைச் சாய்த்து வைத்தது போல இருந்தது. உள்ளே முகத்தை வைத்து நேரே ஒரு புள்ளியைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். எங்காவது ஒளிப்புள்ளி மினுங்கினால் கையிலிருக்கும் பொத்தானை அழுத்த வேண்டும். பழகிப் பார்க்க ஊழியர்களையே உட்காரவைத்தார்கள். அவளும் உட்கார்ந்தாள். கூடவே கண் அழுத்தமும் பார்த்தார்கள்.

"ஓரப் பார்வை நல்லா இருக்கு. அழுத்தம்தான் கொஞ்சம் மேல நிக்குது," என்றார் தலைமை மருத்துவர். "பயப்பட ஒண்ணுமில்ல, அப்பப்ப பாத்துக்கணும். உங்க வீட்டுல யாருக்காவது இருக்கா? அப்பா, அம்மா?"

"இல்ல," என்றாள் அவள்.

சொன்ன வாய் மூடவில்லை. ஷட்டர் தூண் ஞாபகம் வந்தது. வாங்காத டீ ஞாபகம் வந்தது. "இல்ல… தெரியல," என்று திருத்தினாள்.

சாப்பாட்டு இடைவேளையில் மாடிப்படிக்கு அடியில் நின்றுகொண்டு அம்மாவைக் கூப்பிட்டாள். தன் கண்ணைச் சோதித்ததைச் சொல்லி, பதறிய அம்மாவைச் சமாதானப்படுத்தினாள். பிறகு, "அப்பாவை உடனே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போம்மா," என்றாள்.

"அவருக்கு எதுக்கு? நீதானே பாத்துட்டுப் போன? எல்லாம் சரியா இருக்குன்னு சொன்னியே?"

"போம்மா, கேள்வி கேக்காதே," என்று கத்திவிட்டாள்.

அப்பாவின் இடது கண்ணில் பார்வை முக்கால்வாசி போய்விட்டிருந்தது. வலது கண்ணும் ஓரத்திலிருந்து கரைந்துகொண்டு வந்தது. போனது திரும்பாது, மிச்சத்தைச் சொட்டு மருந்தால் பிடித்து நிறுத்தலாம் என்றார்கள் ஆஸ்பத்திரியில். முன்பே வந்திருக்கலாமே என்றும் சொன்னார்களாம். அம்மா எல்லாவற்றையும் ஃபோனில் சொல்லி முடித்துவிட்டுக் கடைசியில், "ஊர்ல இருக்கிற கண்ணையெல்லாம் பாத்தீங்களே, ரெண்டு பேரும்," என்றாள். திட்டுகிற குரல்கூட இல்லை. திட்டியிருந்தால் அவளுக்குக் கொஞ்சம் தேவலையாக இருந்திருக்கும்.

லீவு எழுதிக் கொடுத்துவிட்டு ஓடிவந்தாள். அப்பா சுவரைத் தடவிக்கொண்டு மாடியிலிருந்து இறங்கினார். அவள் படிக்குக் கீழே, அவருடைய இடது பக்கத்தில் நின்றிருந்தாள்; கையை நீட்டினால் தொட்டுவிடலாம். அவர் வாசலைப் பார்த்து, "வண்டி சத்தம் கேட்டுச்சே, வந்துட்டாளா?" என்று கேட்டார்.

அம்மாதான், "பக்கத்துலதான் நிக்கிறா," என்றாள். அப்பா தலையை முழுக்கத் திருப்பினார். "அட, சோடாபுட்டி! இங்கயா நிக்கிற?" என்று சிரித்தார்.

மறுநாள் காலை கடையைத் திறந்ததும் அவள் அவருக்கு முன்னால், நடுவாக, ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"அப்பா, நான் போறதுக்கு முன்னாடியே உனக்குக் கண்ணுல ஏதோ இருக்குன்னு…"

அவர் அவளை முடிக்க விடவில்லை. "எனக்குத் தெரியாதுன்னு நெனச்சியா? ஸ்கூட்டர்ல போனா இடது பக்கம் ஆளுங்க பூமியிலேருந்து மொளைச்ச மாதிரி வருவாங்க. இந்தக் கடையில இத்தனை வருஷம் உக்காந்தவனுக்கு அது என்னன்னு தெரியாதா?"

"அப்புறம் ஏம்ப்பா சொல்லல?"

"சொன்னா நீ கட்டின பெட்டியைப் பிரிச்சிடுவே. அதான் பலகையைக் கடகடன்னு படிச்சேன். நீயும் நம்பிட்ட." மகளை ஏமாற்றிவிட்டதில் அவருக்கு ஒரு பெருமையே இருந்தது. அந்தப் பெருமையோடு விட்டிருக்கலாம். அவளால் முடியவில்லை.

"நான் நம்பலப்பா. விரலைக் காட்டிக் கேக்கணும்னு தோணிச்சு. கேட்டா போக முடியாதுன்னுதான் கேக்கல."

லென்ஸ் துடைத்துக்கொண்டிருந்த கை நின்றது. "அப்ப நீ… தெரிஞ்சேதான்…" கொஞ்ச நேரம் கழித்துக் கை மறுபடி துடைக்கத் தொடங்கியது. அதில் துடைக்க ஒன்றுமே இல்லை. தான் மகளுக்குக் கொடுத்ததாக நினைத்திருந்ததை, மகள் முன்பே எடுத்துக்கொண்டுவிட்டாள் என்பது அவருக்கு அப்போதுதான் புரிந்தது. அதை அவர் முகத்தில் பார்த்தபோது, சொல்லாமலே இருந்திருக்கலாமோ என்று அவளுக்குத் தோன்றியது. உண்மையைச் சொல்லிப் பாரத்தை இறக்கிவைக்க வந்தவள், அதையும் அவர் தலையில் ஏற்றிவிட்டாள்.

அன்று முழுக்க அவர் வாய் திறக்கவில்லை. வாடிக்கையாளர்களோடும் பேச்சில்லை. பொழுது சாய்ந்ததும் தானே வந்து அவள் முகத்திலிருந்து கண்ணாடியைக் கழற்றினார். "கண் ஆஸ்பத்திரியில வேலை பாக்குறாளாம். கண்ணாடி பாரு, எண்ணெய் பூசின மாதிரி," என்று துடைத்து மறுபடி மாட்டிவிட்டார். காதுக்குப் பின்னால் கம்பி சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்று தடவிப் பார்த்தார்.

திரும்பிப் போக மாட்டேன் என்று அவள் சொன்னபோது வீட்டில் பெரிய சண்டையே நடந்தது.

"இவ இங்க உக்காந்தா போன கண்ணு வந்துடுமா?" என்றார் அப்பா.

"கண்ணு வராது. கூட ரெண்டு கை வரும்," என்றாள் அம்மா. "இருக்கட்டுமே. இருந்தா என்ன? எனக்கும் வயசு திரும்பியா போகுது?"

"நான் செத்தா போயிட்டேன்? எல்லாம் நான் பாத்துக்குவேன்."

"பாத்த லட்சணம்தான் தெரியுதே!"

அம்மா இப்படி வாய்விட்டு எதையும் கேட்டு அவள் பார்த்ததில்லை. அப்பா சொன்னது மனசுக்குப் பிடித்திருந்தது. அம்மா சொன்னது நியாயமாக இருந்தது. லீவை நீட்டினாள். மருந்து விடுவது, அப்பாவைப் படி இறக்குவது, லென்ஸ் தேய்ப்பதை வெளியே கொடுத்து வாங்குவது எல்லாவற்றுக்கும் வழி செய்தாள். ஸ்கூட்டரை விற்றாள். வழி செய்ததெல்லாம் அவள் திரும்பிப் போவதற்காகத்தான் என்று அம்மாவுக்குப் புரிந்திருந்தது. போகிற அன்று அம்மா விமான நிலையத்துக்கு வரவில்லை. கடையில் ஆள் இல்லை என்றாள். அது உண்மைதான். கடையில் ஆள் இல்லாமல் போனது யாரால் என்று இருவருக்குமே தெரியும்.

அம்மா பழையபடி பேசக் கொஞ்ச காலம் பிடித்தது. அவள் அங்கே வேலையில் உயர்ந்தாள். தன் கண்ணையும் தவறாமல் சோதித்துக்கொள்கிறாள். நோயாளி யாராவது கிண்ணத்துக்குள் முகத்தை வைத்து, இடது ஓரத்தில் ஒளி மினுங்கும்போது பொத்தானை அழுத்தாமல் உட்கார்ந்திருந்தால், சோதனையை முதலிலிருந்து மெல்ல மறுபடி நடத்துகிறாள். கூட வேலை செய்கிறவர்களுக்கு அவள் பொறுமை ஆச்சரியம். யாருக்கும் காரணம் சொன்னதில்லை.

விடுமுறை நாட்களில் வீடியோவில் பேசுவாள். ஃபோனை அம்மா பிடித்துக்கொள்வாள். அண்மையில் ஒரு நாள், எப்போது வருவாய் என்று அம்மா கேட்டாள். அப்பா குறுக்கே புகுந்தார்.

"எதுக்கு வரணும்? நேர்ல வந்தா எனக்கு நீ பாதி பாதியாத்தான் தெரியற. ஃபோன்லதான் முழுசாத் தெரியற."

வேடிக்கையாகத்தான் சொன்னார். மருத்துவப்படி அது சரியும்கூட. சின்னத் திரை, அவருக்கு மிச்சமிருக்கும் வட்டத்துக்குள் அடங்கிவிடும். அவள் சிரிக்க முயன்றாள். தன் கையிலிருந்த ஃபோனைக் கொஞ்சம் தள்ளிப் பிடித்தாள், தோள்வரைக்கும் தெரியும்படி.

"போதும், கை வலிக்குது எனக்கு," என்றாள் அம்மா. ஆனால் ஃபோனைக் கீழே வைக்கவில்லை.