நாற்பத்திரண்டாவது கோப்பு

பட்டியல் என் கைக்கு வந்தபோது அதில் நாற்பத்தொரு பெயர்கள் இருந்தன. நாற்பத்திரண்டு இருந்திருக்க வேண்டும். 2004 மார்கழி 26, ஞாயிற்றுக்கிழமை, கடல் வந்துபோன பிறகு கல்லடியில் எங்கள் ஒழுங்கையில், கடலுக்குப் போகும் அந்தச் சிறு தெருவில், யார் யார் இல்லை என்று அந்த வாரமே குறிப்பேட்டில் எழுதி வைத்தவள் நான். அன்று காலையில் பாலத்துக்கு அந்தப் பக்கம், நகரில், தங்கை வீட்டில் இருந்தேன். அதனால் எழுத முடிந்தது.

போர் முடிந்து இரண்டாவது ஆண்டில் ஒழுங்கைச் சங்கத்தார் வாசிகசாலைச் சுவரில் ஓர் இரும்புத் தகடு பதிக்க முடிவெடுத்தார்கள். முன்பு வைத்த சீமெந்துப் பலகையில் பெயிண்டால் எழுதிய பெயர்களை உப்புக்காற்று மூன்று மாரிக்குள் உரித்துவிட்டது. இந்தத் தடவை பெயர்கள் தகட்டில் ஊடுருவ வெட்டப்பட வேண்டும் என்றார்கள்.

வெட்டித்தர ஒருவர் இருந்தார். நகரில் வாசல் படலையும் யன்னல் கம்பியும் செய்யும், போர்த்துக்கீச வழிவந்த பறங்கியர். வீட்டில் மனைவியோடு போர்த்துக்கீசம் கலந்து பேசுவார், எங்களோடு சுத்த மட்டக்களப்புத் தமிழ். அவுஸ்திரேலியாவில் இருக்கும் தம்பி பொதி பொதியாக அனுப்பிய சாமான்களைக் கொண்டு, கணினி சொல்கிற பாதையில் ஓடி இரும்பை வெட்டும் பிளாஸ்மா இயந்திரம் ஒன்றைத் தானே பொருத்திப் பூட்டியிருந்தார். தொழிலுக்கல்ல, ஆசைக்கு. கடைச் சுவர் முழுக்க இரும்புச் சேவல்களும் மீன்களும் தொங்கின.

"சேவல் எண்டா நான் கீறுவன் மிஸ். தமிழ் எழுத்தை இந்தக் கம்பியூட்டரில கீற எனக்கு ஏலா" என்றார்.

நான் நில அளவைக் கந்தோரில் பத்தொன்பது ஆண்டுகள் படம் வரைந்தவள். கடைசி ஆறு ஆண்டுகள் கணினியில். ஒத்துக்கொண்டேன்.

இயந்திரத்துக்கு எழுத்து தெரியாது என்பதை முதல் கிழமையிலேயே படித்தேன். அதற்குக் கோடு மட்டுமே தெரியும். எழுத்தைக் கோடாக மாற்றி அனுப்பினால், கோட்டின் இரண்டு நுனிகளும் மயிரிழை விலகியிருந்தாலும் வெட்டாமல் நிற்கும். ஒரே கோடு ஒன்றின்மேல் ஒன்றாக இரண்டு தடவை படிந்திருந்தால், வெட்டிய இடத்தையே திரும்ப வெட்டி ஓரத்தைக் கருக்கும். தீ நாக்குக்கு அகலம் ஒன்றரை மில்லிமீற்றர்; அதில் பாதியை எழுத்தின் உட்பக்கமாக ஒதுக்கிக் கோடு போடாவிட்டால் எழுத்து பருத்துவிடும். முதல் துளை எப்போதும் பெரிதாகவும் அசிங்கமாகவும் விழும் என்பதால், கழிந்து விழப்போகும் பாகத்தின் நடுவில் துளைத்து, அங்கிருந்து கோட்டுக்கு நடந்து வர வேண்டும். க, த, வ போன்ற எழுத்துகளின் வயிற்றுக்குள் இருக்கும் இரும்பு, தாங்குவதற்கு ஒன்றுமில்லாமல் கீழே விழுந்துவிடும். அதைப் பிடித்து வைக்க இரண்டு சிறிய துண்டுகளை வெட்டாமல் விட வேண்டும். முதலில் நான் அனுப்பிய சோதனைச் சொல்லில் ஐந்து வயிறுகளும் தண்ணீர்த் தட்டுக்குள் விழுந்தன. அவர் குறட்டால் ஒவ்வொன்றாக எடுத்து என் கையில் வைத்தார்.

"இந்தாங்க மிஸ், உங்கட எழுத்திட குடல்."

இன்னொரு தொல்லை மின்சாரம். கரண்டு போனால் இயந்திரம் தான் நின்ற இடத்தை மறந்துவிடும். முழுத் தகட்டையும் ஒரே கோப்பாக அனுப்பி, முப்பதாவது பெயரில் கரண்டு போனால் தகடு பழுது. ஆகவே ஒரு பெயருக்கு ஒரு கோப்பு என்று பிரித்தேன். ஒரு கோப்புக்குள் ஒவ்வோர் எழுத்தையும் தனியாகத் தொடங்கும்படி வைத்தேன். எல்லாக் கோப்புகளும் தகட்டின் இடது கீழ் மூலையில் குத்திய ஒரே புள்ளியிலிருந்து அளந்தன. நிலப் படம் வரைகிறவளுக்கு அது புதிதல்ல.

பெயர்களை அகர வரிசையில் அடுக்கவில்லை. பாலத்துப் பக்கமிருந்து கடலை நோக்கி நடந்தால் வீடுகள் எந்த வரிசையில் வருமோ அந்த வரிசையில் அடுக்கினேன். அப்படி அடுக்கினால் ஒரு வீட்டுக்கு நேரே வெற்றிடம் விழுந்தது.

அந்த வீட்டுப் பிள்ளையை இயக்கத்தார் வீட்டுக்கு ஒருவர் என்று கேட்ட காலத்தில் கொண்டுபோனார்கள். டியூசன் முடிந்து வந்துகொண்டிருந்தவள். வயது பதினைந்து. 2004 சித்திரையில் கிழக்கில் இயக்கம் இரண்டாகப் பிளந்தபோது வீட்டுக்கு அனுப்பப்பட்ட பிள்ளைகளில் அவளும் வந்து சேர்ந்தாள். ஒட்ட வெட்டிய முடி தோளைத் தொட எட்டு மாதம் எடுத்தது. தோளைத் தொட்ட மாதம் கடல் வந்தது.

சங்கத் தலைவர் ஓய்வுபெற்ற பள்ளிக்கூட அதிபர். ஒழுங்கையில் பாதிப் பேருக்குப் படிப்பித்தவர். பட்டியலை எடுத்துக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனேன்.

"சேர், இதில ஒரு பேர் குறையுது."

"குறையல்ல பிள்ள. யோசிச்சுத்தான் விட்ட."

"உங்கட பள்ளிக்கூடத்தில திரும்பப் பதிஞ்ச பிள்ள சேர். நீங்கதான் பதிஞ்ச."

"நீ எனக்குப் படிப்பிக்காத." மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "ஆமிக்காரங்க ரெண்டு தரம் என்னைக் கூப்பிட்டு விசாரிச்சவங்க. தகடு திறக்கிற அண்டைக்கு ஆரார் வந்து நிப்பாங்க எண்டு உனக்குத் தெரியும். அந்த ஒரு பேரை ஆரும் கேட்டா மற்ற நாற்பத்தொரு பேருக்கும் சுவர் இல்லாமப் போகும். அதில என்ட மனிசியும் இரிக்கா."

அவர் பயந்தது பொய்ப் பயமல்ல. அதனால் எனக்கு இன்னும் கோபம் வந்தது. திரும்பும் வழியில் அந்தத் தாயின் படலையில் நின்றேன். முற்றத்தில் இறால் கோது உரித்துக்கொண்டிருந்தாள். சங்கம் சொன்னது அவளுக்கு ஏற்கெனவே எட்டியிருந்தது.

"எனக்கு வேற ஒண்டும் வேணாம் கா" என்றாள், தலை நிமிராமல். "கடல் கொண்டுபோன ஆக்களோட அவளையும் சேருங்க. மற்றவங்க கொண்டுபோனதுக்கு நான் ஆரிட்டயும் கேக்கல்ல."

வீட்டுக்கு வந்து நாற்பத்திரண்டாவது கோப்பைத் திறந்தேன். அவள் பெயரில் நான்கு எழுத்து. இரண்டுக்கு வயிறு உண்டு. நான்கு இடத்தில் பிடி விட்டேன். ஒவ்வொரு கோட்டையும் நுனிக்கு நுனி பெரிதாக்கிப் பார்த்து மூடினேன். வெற்றிடத்தின் அளவுக்குப் பெயர் சரியாகப் பொருந்தியது. பொருந்தாமல் போயிருந்தால் தகட்டையே பெரிதாக்கியிருப்பேன்.

பிறகு கந்தோர்ப் பழக்கம் ஒன்று ஞாபகம் வந்தது. எங்கள் படங்கள் எல்லாவற்றிலும் வலது கீழ் மூலையில் ஒரு கட்டம் இருக்கும்: வரைந்தவர், சரிபார்த்தவர். யாருடைய வேலியைப் பற்றியாவது வழக்கு வந்தால் நீதிமன்றம் முதலில் அந்த மூலையைத்தான் பார்க்கும். பெயரில்லாத படத்தை யாரும் கையில் எடுக்கமாட்டார்கள். தகட்டின் வலது கீழ் மூலையில் அதே கட்டத்தை வரைந்தேன். வரைந்தவர் என்பதற்கு நேரே என் முழுப் பெயரையும், கீழே வீட்டு இலக்கத்தையும் போட்டேன். கேட்க வருகிறவர் தாயிடமும் போக வேண்டாம், அதிபரிடமும் போக வேண்டாம்.

வெட்டியது ஒரு சனிக்கிழமை காலை. நீல வெளிச்சமும் எரிந்த இரும்பின் மணமுமாகக் கடை நிறைந்திருந்தது. இருபதாவது பெயர் ஓடும்போது தலைவர் வந்தார். மனைவியின் பெயர் வெட்டப்படும்வரை கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு நின்றார். அதன் பிறகு கணினித் திரையில் கோப்புகளை எண்ணத் தொடங்கினார்.

"இது ஆர் செல்லிச் சேர்த்த?"

"நான்தான் சேர்."

"சங்கத்திட தகடு இது. உன்ட தகடில்ல."

"ஓம் சேர். சங்கத்தில ஆரும் கீற வரல்ல."

பறங்கியர் அடுத்த கோப்பை ஓட விட்டார். அது அந்தப் பிள்ளையுடையது. வீட்டு வரிசைப்படி அவர் முறை தவறாமல்தான் வெட்டிக்கொண்டு வந்தார். இரண்டு எழுத்து முடிந்து மூன்றாவதில் பாதி போனபோது கரண்டு போய்விட்டது. காற்றழுத்தி சீறி ஓய்ந்தது.

"பாத்தியா" என்றார் தலைவர். "கரண்டுக்கே பயம்."

"பயமில்ல சேர். சனிக்கிழமை எண்டா இவனுக்கு இப்பிடித்தான். மனிசிக்காரி சந்தைக்குப் போற மாதிரி போவான், கதைச்சிட்டு வருவான்" என்றார் பறங்கியர். பிளேன்ரீ வந்தது. மூவரும் குடித்தோம். பாதி எழுத்தோடு தகடு எங்கள் நடுவில் கிடந்தது.

தலைவர் எழுந்து தகட்டைச் சுற்றி நடந்தார். மூலைக் கட்டத்தின் படத்தைத் திரை அணைவதற்கு முன்பே பார்த்திருக்க வேண்டும்.

"கீழ உன்ட பேர் என்னத்துக்கு? நீயும் செத்தவளா?"

"கேக்க வாறவங்களுக்கு சேர். ப்ளான் எண்டா கீறின ஆளிட பேர் இரிக்கோணும்."

"விளையாட்டில்ல பிள்ள இது."

"விளையாடல்ல."

பறங்கியர் கோப்பையைக் கீழே வைத்தார். "அப்ப என்ட பேரும் போடுங்க மிஸ். வெட்டினவன் நான்தானே. என்ட ஆக்களை இந்த ஊரில கேட்டா கோயில் பதிவில நாலு நூறு வருசத்துக்குப் பின்னால போவாங்க. தேடட்டும்."

தலைவர் சிரிக்கவில்லை. நெடுநேரம் தன் மனைவியின் பெயரை விரலால் தடவிக்கொண்டிருந்தார். இரும்பு இன்னும் சூடாக இருந்தது.

"என்ட பேரைச் சரிபார்த்தவர் எண்டு போட்டிராத" என்றார் கடைசியில்.

"போடல்ல சேர். கட்டம் மட்டும் இரிக்கும்."

"சுவரில பூட்டுறதுக்கு ஆக்களை அனுப்புறன்" என்று சொல்லிவிட்டுச் சைக்கிளை எடுத்தார். வேண்டாம் என்று அவர் சொல்லவில்லை. சரி என்றும் சொல்லவில்லை.

கரண்டு வந்தது. மூலைப் புள்ளிக்குத் திரும்பி அளந்து, மூன்றாவது எழுத்தை முதலிலிருந்து ஓட விட்டோம். மயிரிழை விலகல் விழுந்தது. இன்றும் அந்த எழுத்தின் கீழ் ஓரத்தில் விரலை வைத்தால் ஒரு சிறிய படி தட்டுப்படும். அதை அரத்தால் ராவ வந்த பறங்கியரைத் தடுத்தேன். அவளுக்கு எதுவும் ஒரே மூச்சில் கிடைக்கவில்லை. அது தெரிய வேண்டும் என்று நினைத்தேன்.

தகடு பதித்து இரண்டு மாதத்தில், சாதாரண உடுப்பில், மோட்டார் சைக்கிளில் இரண்டு பேர் வந்தார்கள். வாசிகசாலையில் விசாரித்திருக்கிறார்கள். தலைவர் வலது கீழ் மூலையைக் காட்டியிருக்கிறார். என் படலைக்கு வந்தார்கள். கதிரை போட்டேன். ஒருவர் தமிழ் பேசினார்.

"அந்தப் பேர் ஏன் போட்ட?"

"கடலில செத்த பிள்ள."

"அதுக்கு முந்தி அவ எங்க இருந்த?"

குறிப்பேட்டைக் கொண்டுவந்தேன். அவளைக் கொண்டுபோன நாள், வந்து சேர்ந்த நாள், பள்ளிக்கூடத்தில் மறுபடி பதிந்த நாள், கடல் வந்த நாள் என்று கிழமையோடு வாசித்தேன். "பதினைஞ்சு வயசில கொண்டுபோனது குற்றமெண்டா, கொண்டுபோன ஆக்களைத் தேடுங்க. இவ பதினேழு வயசில செத்திட்டா. இவவிட்ட இனிக் கேக்க ஒண்டுமில்ல."

அவர் என் பெயரையும் வீட்டு இலக்கத்தையும் எழுதிக்கொண்டார். அவை தகட்டிலேயே இருக்கின்றன என்று சொன்னேன். பிறகு யாரும் வரவில்லை. வந்த நாளையும் நேரத்தையும் நானும் எழுதி வைத்தேன்.

குறிப்பேட்டில் உள்ள அந்த நாட்களை இங்கே நான் எழுதவில்லை. எங்கள் ஒழுங்கையில் ஒரு திகதி போதும், ஆள் யாரென்று தெரிந்துவிடும். மகளின் பெயர் தாளில் வேண்டாம், இரும்பில் இருந்தால் போதும் என்று தாய் கேட்டுக்கொண்டாள். ஒவ்வொரு மார்கழியிலும் அவள் தேங்காயெண்ணெயும் பழந்துணியும் கொண்டுவந்து நாற்பத்திரண்டு பெயருக்கும் பூசுகிறாள், பாலத்துப் பக்கத்து வீட்டிலிருந்து தொடங்கி, வரிசை தப்பாமல். சரிபார்த்தவர் கட்டம் இன்னும் வெறுமையாக இருக்கிறது. அதற்கும் பூசுகிறாள். அந்தப் பெயரை வாசிக்க விரும்புகிறவர்கள் கல்லடிக்கு வரலாம். என் வீட்டு இலக்கமும் அங்கேதான் இருக்கிறது.