இணைச்சீருக்கு நின்றவள்

எங்கள் பக்கத்துக் கல்யாணங்களில் மாப்பிள்ளையின் உடன்பிறந்தவள் இல்லாமல் இணைச்சீர் நடக்காது. கூறைச்சேலையின் ஒரு முனையை அவனும் மறுமுனையை அவளும் பிடித்து நிற்க, அருமைக்காரர் சடங்கை நடத்துவார். சீர் விஷயத்தில் அவர் வைத்ததுதான் சட்டம்.

என் தம்பிக்குக் கல்யாணம் வந்தபோது நான் கணவனை இழந்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. அருமைக்காரர் என்னைத் தனியே கூப்பிட்டு, "வழக்கமில்ல சாமி. உன்ற சித்தி மக நிக்கட்டும்" என்றார். குரலில் பிரியம் வேறு. அதுதான் எனக்கு அதிகம் எரிந்தது. தம்பியைத் தூக்கி வளர்த்தவள் நான். சீர் நடக்கும்போது சமையல்கட்டில் ஒளிந்துகொள்ள வேண்டுமாம்.

"நான்தான் நிப்பேனுங்க" என்றேன். நேரே மணைப்பக்கம் போனேன். தம்பியும், "என்ற அக்கா நிக்காட்டி சீரே வேண்டாமுங்க" என்று மணையை விட்டு எழுந்துவிட்டான். நின்றேன். பாதிச் சொந்தம் சாப்பிடாமலே கிளம்பிப் போனது. அம்மா என்னோடு ஒரு மாதம் பேசவில்லை.

போன தை மாதம் சேந்தமங்கலத்தில் ஒரு கல்யாணம். அதே அருமைக்காரர், கையில் மைக்.

"கூடப் பொறந்தவள்னா கூடப் பொறந்தவதானுங்க! தாலி இருக்குதா இல்லியான்னு நம்ம முன்னோருங்க என்னிக்குங்க பாத்தாங்க?"

கூட்டம் கைதட்டியது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எந்த முன்னோர், எந்த ஊரில் என்று கேட்க எழுந்தேவிட்டேன். அதிகாரத்தில் இருப்பவர்களுக்கு இது கைவந்த கலை. கோயிலே வேண்டாம் என்ற சித்தர்களுக்கும் கோயில் கட்டியாகிவிட்டது. அரசாங்கத்தின் பிடியே ஆகாது என்று கிளம்பிய டிஜிட்டல் காசை இப்போது அரசாங்கங்களே வெளியிடுகின்றன. எதிர்த்து வந்ததைக் கொஞ்ச நாள் கழித்து எங்கள் வீட்டுச் சொத்து என்பார்கள். என்னை மட்டும் விட்டுவைப்பார்களா?

அப்போதுதான் மணைப்பக்கம் பார்த்தேன். சேலை முனையைப் பிடித்து நின்றவள், முந்தின வருடம் விபத்தில் கணவனைப் பறிகொடுத்த பெண். அவளுக்காக யாரும் சண்டை போடவில்லை. யாரும் எழுந்து போகவும் இல்லை. உட்கார்ந்துவிட்டேன்.

பந்தியில் அவள் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"நிக்கறப்போ பயமா இருந்துச்சா சாமி?" என்று கேட்டேன்.

"ஆமாங்கக்கா" என்றாள். எனக்குத் திக்கென்றது.

"புதுச்சேலைங்களா, வழுக்கிக்கிட்டே இருந்துச்சு. கைநழுவீருமோன்னு ஒரே பயமுங்க."

அவ்வளவுதான் அவள் பயம். எனக்குக் கண் கலங்கிவிட்டது. மைக் அருமைக்காரரிடமே இருக்கட்டும்.