பழைய கேணல்

“நீர் இப்ப ஏன் முகத்தைத் திருப்பிக்கொண்டு இருக்கிறீர்?”

சிவரூபி கேட்டது மனிதர் யாரையும் அல்ல, மடிக்கணினியை. பொறுமை உள்ளவரை அதற்கு ‘நீர்’, பொறுமை போனால் ‘நீ’. நெடுந்தீவில் அவள் நேரலை செய்யப் போன வீடுகளில் எல்லாம் இதைக் கேட்டுச் சனம் சிரித்திருக்கிறது. இன்று சிரிக்க ஒருவரும் இல்லை. பந்தலின் கீழ், பெட்டிக்குள், கதிர்காமர் கிடந்தார்.

லண்டனில் மகள் வீட்டில் அவர் மனைவி அன்னபூரணம் நெற்றி நிறையப் பொட்டோடு காத்திருந்தாள். இதய வைத்தியர் அவளை விமானம் ஏற விடவில்லை. பிரேதம் தூக்குமுன் மனைவி தாலியைக் கழற்றவேண்டும். நேற்றுத் தொலைபேசியில் அவள் சொன்னது ஒன்றே ஒன்றுதான். “அவரின்ரை முகத்தைப் பாக்காமல் நான் கழுத்திலை கை வைக்கமாட்டன்.”

அந்த முகத்தைக் காட்டும் பொறுப்பு சிவரூபியுடையது.

நாற்பதை எட்டும் வயது. மிதிவண்டியின் பின்னால் கமராக் கால்கள், முன்கூடையில் துவாயால் சுற்றிய கணினி. திரையின் மூலையில் தெரியும் சிக்னல் கோடுகளை விட்டு அவள் கண் அசையாது. கலியாணவீட்டில் வடை கொடுத்தால், வடைதான் அவள் வாயைத் தேடிப் போகவேண்டும். செத்தவர்களைக்கூட அவள் நேரே பார்ப்பதில்லை, திரையில்தான் பார்ப்பாள். “நேரை பாத்தனெண்டால் அழுதுபோடுவன். நான் அழுதால் லைன் அறுந்துபோம்” என்பாள்.

அவளுடைய பெரும் சொத்து ஒரு ‘கொம்பு’. கணினியில் செருகும், இரண்டு நீண்ட அன்ரனா முளைத்த சிறு பெட்டி. இந்தக் குறிச்சியில் தொலைபேசிச் சிக்னல் கிடையாது. தூரத்து வாசிகசாலையின் மொட்டைமாடியில் ரவுட்டரை வைத்துவிட்டு, அங்கிருந்து காற்றில் வருவதை இந்தக் கொம்பால் பிடிப்பாள். வேறு யார் கைபேசிக்கும் அந்தத் தூரம் எட்டாது. கணினிக்குள் இருந்த வயர்லெஸ் எப்போதோ செத்துவிட்டது.

இன்று கொம்பின் நீல விளக்கு எரியவில்லை.

கழற்றிச் செருகினாள். மறுபக்கத்தில் செருகினாள். கறுப்புத் திரையைத் திறந்து கட்டளை அடித்தாள். கொம்பு செருகியிருப்பது கணினிக்குத் தெரிகிறது, ஆனால் அதை எப்படி இயக்குவதென்று தெரியவில்லை! அப்போதுதான் நினைவு வந்தது. நேற்று, கணினியை இயக்கும் லினக்ஸ் மென்பொருள் தன்னைப் புதுப்பிக்கட்டுமா என்று கேட்டது. பிரேத வீட்டுக்குச் சாமான் கட்டும் அவசரத்தில் ‘ஓம்’ என்று அமத்திவிட்டாள். கணினியின் கருவான கேர்னல் புதிதாகிவிட்டது. கொம்பை ஓட்டும் ‘டிரைவர்’ என்ற மென்பொருளோ பழைய கேர்னலுக்கென்று கட்டியது. புதிதாகக் கட்ட இணையம் வேண்டும். இணையம் வர கொம்பு வேண்டும். வீட்டைப் பூட்டித் திறப்பை உள்ளே விட்டதுபோல நின்றாள் அவள்.

வாசிகசாலைக்கு ஓடி, ரவுட்டரில் வயர் கொழுவி, இறக்கிக் கட்டிக்கொண்டு வரலாம்தான். ஆனால் ஐயர் குறிகட்டுவானுக்குப் போகும் கடைசிப் படகைப் பிடிக்கவேண்டும். சுண்ணம் இடித்தாகிவிட்டது. பேரப்பிள்ளைகள் பந்தம் பிடித்தாகிவிட்டது. பறை மேளம் சூடேறியது.

“பிள்ளை, ஆயத்தமோ?” என்று வந்தார் கதிர்காமரின் தம்பி ஏரம்பு.

சிவரூபி திரையைப் பார்த்தபடியே முணுமுணுத்தாள். “புதுக் கேணல் வந்துதான் எல்லாத்தையும் கெடுத்தது, ஐயா. பழைய கேணல் இன்னும் உள்ளுக்கை இருக்கிறார் எண்டால், அவரை எழுப்பினால் தப்பிவிடுவம்.”

ஏரம்புவின் முகம் வெளிறியது. கேர்னல் என்ற சொல் தீவாரின் வாயில் கேணல் ஆகிவிடும். கேணல் என்ற இராணுவப் பட்டமோ இங்கே இன்னும் சீருடையோடுதான் நடந்து திரிகிறது. போர்க்காலத்தில் எத்தனை விசாரணைகளைப் பார்த்த மனிதர் அவர்!

“வாயை மூடும்! றோட்டிலை நேவிக்காரன் நிக்கிறான். செத்தவீட்டிலை கேணலைப் பற்றி என்ன கதை?” என்று சீறியவர், பந்தலைப் பார்த்துக் கத்தினார். “கெதியாய்த் தூக்குங்கோ! பெட்டியை மூடுங்கோ!”

நாலு பேர் மூடியைத் தூக்கினார்கள். சிவரூபி கணினியை விட்டுப் பாய்ந்தாள். லண்டனில் ஒருத்தி கழுத்தைத் தொடாமல் இருக்கிறாளே! இந்த மூடி விழுந்தால் அவள் தாலியை எந்த முகத்துக்காகக் கழற்றுவாள்?

“பொறுங்கோ!” அலறிக்கொண்டு மூடிக்கும் பெட்டிக்கும் நடுவில் கையை விட்டாள். “கேணல் எண்டால் ஆமிக்காரன் இல்லை, ஐயா! கொட்டை! கணினியின்ரை கொட்டை! பனங்கொட்டை மாதிரி உள்ளுக்கை இருக்கிறது!”

“கொட்டையோ?” ஏரம்பு திகைத்தார். “அதுக்கேன் பிள்ளை பட்டம் குடுத்து வச்சிருக்கிறியள்?”

மூடி பிடித்தவன் ஒருவன் சிரிப்பை இருமலாக்கினான். ஐயர் கடற்கரைப் பக்கம் பார்த்தார். “ஒருக்கால் பாரும் பிள்ளை. அதுக்கு மேலை ஏலாது.”

ஒருக்கால். சிவரூபி கணினியை நிறுத்தி மீண்டும் எழுப்பினாள். விசையை அமத்தியபடி காத்திருந்தாள். பழையதைத் தெரிவுசெய்யும் பட்டியல் இமைப்பொழுதுதான் வரும். அதோடு, இடம் போதாதென்று பழையவற்றை அவள் அடிக்கடி துடைத்தெறிபவள். கடைசியாகத் துடைத்தபோது இதையும் துடைத்துவிட்டாளா?

“நீ மட்டும் இண்டைக்கு என்னைக் கைவிட்டியோ, கிணத்துக்கைதான் போடுவன்.”

பட்டியல் வந்தது. மேலே புதியது. கீழே பழையது. இருந்தது! அமத்தினாள். திரை இருண்டது, எழுத்துகள் ஓடின. அவள் உதடுகள் நயினாதீவுக் கோயில் அம்மாளை அழைத்தன. கொம்பின் முனையில் நீலம் ஒருமுறை துடித்தது, அணைந்தது, பிறகு நின்று எரிந்தது.

“வந்திட்டீரோ, ராசா” என்றாள்.

லண்டனுக்கு அழைப்பு எடுத்தாள். திரையில் அன்னபூரணம். கமரா கதிர்காமரின் முகத்தைக் காட்டியது. அந்தக் கிழவி அழவில்லை. காலையில் தேத்தண்ணிக்குக் கூப்பிடும் குரலில், “இஞ்சாருங்கோ...” என்றாள். பிறகு அவள் கைகள் மெல்லக் கழுத்தை நோக்கி எழுந்தன.

“எங்கை, எங்கை, அன்னம் என்ன செய்யிறா?” என்று சனம் திரையை மொய்த்தது.

சிவரூபி கணினியைத் தூக்கினாள். சனத்தின் கண்ணில் படாதபடி, திரையைக் கதிர்காமரின் முகத்துக்கு நேரே திருப்பி வைத்தாள். பிறகு, சிக்னல் கோடுகளை ஒருநாளும் கண்ணை விட்டு அகல விடாத அவள், திரைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, சேலைத் தலைப்பை இரு கைகளாலும் சனத்துக்கு மறைப்பாக விரித்துப் பிடித்தபடி நின்றாள்.