மூன்று விநாடி

கம்பம் டவுனில் டிவி, ரேடியோ ரிப்பேர் கடை வைத்திருந்தேன். அடுத்தவன் கைவிட்டதையெல்லாம் ஓடவைப்பவன் என்று எனக்குக் கொஞ்சம் தலைக்கனம் உண்டு. காமயகவுண்டன்பட்டியில் எங்கள் வீட்டில் தொட்டி நிறைந்தால் மோட்டார் தானாக நிற்கும், இருட்டினால் வாசல் லைட் தானாக எரியும். எல்லாம் என் கைவேலை.

அப்பாவுக்குப் பக்கவாதம் வந்தபோதும் நான் முதலில் யோசித்தது வயரைப் பற்றித்தான். பேச்சு போய்விட்டது, வலது பக்கம் முழுக்க விழுந்துவிட்டது. இடது கையிலும் கட்டைவிரல் மட்டும்தான் ஏதோ அசைந்தது. அந்தக் கைக்குள் ஒரு சுவிட்சைக் கட்டிவிட்டு, பின்னால் அடுப்படியில் குருவிச் சத்தம் போடும் காலிங் பெல் மாட்டினேன். அமுக்கினால் குருவி கத்தும், அம்மா போய்ப் பார்ப்பாள். ஆளைக் கூப்பிட அவருக்கு வேறு வழி கிடையாது.

ஒரு மாதத்தில் குருவி ஓயாமல் கத்த ஆரம்பித்தது. பவர் கட் உச்சத்தில் இருந்த காலம் அது. போன கரண்டு வந்தாலே பெல் தானாகக் கத்தும். அது போதாதென்று கண்ட நேரத்திலும் ‘கீச்’ என்று அரைகுறைச் சத்தம். முழங்கால் வலியோடு அம்மா ஓடிப்போய் நின்றால், அப்பா அவளைப் பார்த்துக்கொண்டு படுத்திருப்பார். தண்ணீர் வேண்டாம், கஞ்சி வேண்டாம், ஒன்றும் வேண்டாம்.

“ஏலே, இந்தக் குருவியக் கொல்லு, இல்ல என்னையக் கொல்லு” என்றாள் ஒருநாள்.

சுவிட்சை மாற்றினேன். வயரை மாற்றினேன். அடாப்டரை மாற்றினேன். “நீங்களா அமுக்குனீக?” என்று அப்பாவிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் கண்ணை மூடித் திறந்து சொல்லியிருப்பார். மெஷினோடு மாரடித்த புத்திக்கு மனுஷனைக் கேட்கத் தோன்றவில்லை.

கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து டிலே சர்க்யூட் ஒன்று செய்து சேர்த்தேன். மூன்று விநாடி விடாமல் அமுக்கினால்தான் இனி பெல் அடிக்கும். பத்துத் தரம் அமுக்கிச் சோதித்தேன், பத்துத் தரமும் கச்சிதமாக அடித்தது. “நல்லா அழுத்திப் பிடிக்கணும், சரியா?” என்று அப்பாவிடம் சத்தமாகச் சொன்னேன், அவருக்குக் காது நன்றாகக் கேட்கும் என்பதை மறந்து. அம்மாவிடம், “இனிமே குருவி கத்துனாத்தான் நெசம். கத்தலைன்னா ஒன் வேலையப் பாரு” என்றேன்.

வீடு அமைதியானது. அம்மா என்னை மெச்சினாள், நானும் என்னை மெச்சிக்கொண்டேன்.

மூன்றாம் வாரம் ஒரு மதியம் கடைக்குப் போன் வந்தது. வண்டியை விரட்டிக்கொண்டு வீட்டுக்குப் போனேன். கஞ்சி புரையேறி மூச்சடைத்துவிட்டது என்று டாக்டர் சொல்லிவிட்டுப் போயிருந்தார். அப்பாவின் கட்டைவிரல் சுவிட்சின் மேலேயே இருந்தது.

அம்மா அழவில்லை. என்னையே பார்த்துக்கொண்டு சொன்னாள்:

“கஞ்சியக் குடுத்துட்டு, சன்னலுக்கு வெளியதான் கீரை ஆஞ்சுக்கிட்டு இருந்தேன். டக்கு டக்குன்னு சுவிட்சு சத்தம் கேட்டுச்சு. அமுக்கிக்கிட்டேதான் இருந்தாக. குருவி கத்தல. நீதானப்பா சொன்ன, கத்துனாத்தான் நெசமுன்னு. அதான் எந்திரிக்கல.”

காரியமெல்லாம் முடிந்த பிறகு சர்க்யூட்டைப் பிரித்துப் பார்த்தேன். ஏதாவது கோளாறு இருந்துவிடாதா என்று ஏங்கினேன். ஒன்றுமே இல்லை, அருமையான வேலை. அந்த அரைகுறை ‘கீச்’ எதனால் வந்தது என்று அப்போதுதான் உறைத்தது. அந்த விரலால் அரை விநாடிக்கு மேல் அமுக்க முடிந்திருக்காது. அம்மா வந்து நின்றாலே அவருக்குப் போதுமாக இருந்திருக்கிறது. அதற்காகத்தான் கூப்பிட்டிருக்கிறார். அதைப் போய்க் கோளாறு என்று சரிசெய்த பாவி நான்.

பத்துத் தரம் சோதித்தேன் என்றேனே, பத்தும் என் கட்டைவிரல். ஒரு தரம்கூட அவர் விரலை அமுக்கச் சொல்லிப் பார்க்கவில்லை.