ஐந்து கசெட்டுகளுக்கு இடம் போட்ட ஞாயிற்றுக்கிழமை

என் வீட்டுக் கூரைக்கடியில் உள்ள லொஃப்டைத் துப்புரவாக்க ஆட்கள் வருவதால் என் மூத்த மகள் அங்கிருந்த பெட்டிகளையெல்லாம் கீழே இறக்கினாள். ஒன்றுக்குள் அவளுடைய பழைய கையடக்க விளையாட்டுக் கருவியும், அதில் செருகுகிற ஐந்து விளையாட்டுக் கசெட்டுகளும் இருந்தன. நான்கு பற்றரிகள் போட்டதும் அது சின்ன மணியொலியோடு விழித்துக்கொண்டது. இருபத்தைந்து வருடங்களுக்கு மேலாகக் கூரைக்கடியில் குளிரில் கிடந்த சாமான். அதே காலத்தை வீட்டுக்குள் கழித்த என் முழங்கால்கள் அப்படி இல்லை.

அவள் அதை என்னிடம் விட்டுப்போனாள். நாடு விட்டு வந்து குடியேறிய குட்மேய்ஸ் வீட்டில், மனைவி இறந்தபின் தனியாக இருக்கும் நான் மூன்று வாரம் அதை விளையாடினேன். அந்தக் கருவியை வைத்து என் சின்ன மகளுக்கு நான் ஒரு அநியாயம் செய்திருந்தேன். அதை அவளிடம் சொல்வதா, சொல்லாமலே போய்ச் சேர்வதா என்பதுதான் அந்த மூன்று வாரமும் என் யோசனை.

ஆனால் கருவியைத் தொட்டால் யோசனை மறந்துவிடும். விழும் கட்டைகளை அடுக்குகிற விளையாட்டு ஒன்று. நான் பல்கலைக்கழகத்தில் கணிதம் படித்தவன். நான்கு சதுரங்களை விளிம்போடு விளிம்பு ஒட்டினால், புரட்டக்கூடாது என்றால், ஏழே ஏழு வடிவங்கள்தான் வரும்; நிறுவுவதற்கு அரைத்தாள் போதும். அந்த ஏழையும் வைத்துக்கொண்டு ஒருவர் முடிவே இல்லாத ஒன்றைச் செய்திருக்கிறார். எனக்கு அரைத்தாளோடு நிற்கத்தான் தெரிந்திருந்தது. இன்னொன்றில் ஒரு பையன் முன்பின் தெரியாத தீவின் கரையில் கண் விழிக்கிறான். திரையில் மொத்தம் நான்கு நிறம், நான்கும் பாசிப் பச்சையின் ஏற்ற இறக்கம். அதற்குள் கடல் இருந்தது, குகை இருந்தது, என்னைவிட நன்றாக வாழத் தெரிந்த சனம் இருந்தது. சில தடவை நான் கருவியை மேசையில் வைத்துவிட்டு அதைச் சும்மா பார்த்துக்கொண்டிருந்தேன்.

மூன்றாவது ஞாயிறு மகள்மார் இருவரும் வந்தார்கள். சாப்பிட்டபின் ஐந்து கசெட்டுகளையும் மேசையில் பரப்பி, எது முதலாம் பிள்ளை, எது கடைசி என்று இடம் போடத் தொடங்கினார்கள். அந்தப் பழக்கம் என்னிடமிருந்து வந்தது. ஊர்ப் பள்ளிக்கூடத்தில் ஒவ்வொரு தவணையும் றிப்போட்டில் வகுப்பில் எத்தனையாம் பிள்ளை என்று எழுதி வரும். இங்கே பள்ளிக்கூடத்தில் அதைக் கேட்டபோது ஆசிரியை, நாங்கள் பிள்ளைகளுக்கு இடம் போடுவதில்லை என்றார். எனக்கு மனம் ஆறவில்லை. வீட்டில் நானே சோதனை வைத்து நானே இடம் போட்டேன். இரண்டு பேர் உள்ள வகுப்பில் சின்னவள் ஒவ்வொரு தவணையும் இரண்டாம் பிள்ளை.

"கட்டை அடுக்கிறதுதான் முதலாம் பிள்ளை," என்றாள் சின்னவள். "அம்மாவே விளையாடினவ."

"அம்மா விளையாடினா எண்டதுக்காக முதலிடம் குடுக்க ஏலாதடி. அதில கதை இருக்கோ? தீவுதான் பெஸ்ட்."

"கதை வேணுமெண்டா நீ சீரியல் பார் அக்கா."

"அந்தப் பிராணி பிடிச்சுச் சேர்க்கிற விளையாட்டு?" என்று நான் கேட்டேன்.

"அது கடைசி," என்றாள் சின்னவள் நிமிராமலே.

"கடைசியோ! நூறுக்கு மேல பிடிச்சு வச்சிருந்தனான். நீ அழிச்சுப்போட்டு இப்ப கடைசி எண்டுறாய்," என்று மூத்தவள் சிரித்தாள். சின்னவளும் சிரித்தாள். அந்தச் சிரிப்பைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

"அதை அழிச்சது நான்," என்றேன்.

இருவரும் பகிடி என்று நினைத்தார்கள். நான் சொல்லி முடித்தேன். அப்போது ரயில் நிலையத்தில் டிக்கெட் கொடுக்கிற வேலை. ஷிப்ட் இல்லாத ஒரு காலை, பிள்ளைகள் பள்ளிக்கூடம் போனபின், சோதனைக்குப் படிக்க வேண்டிய மூத்தவளின் மூளையை இழுத்துக்கொண்டு போகிற சாமான் என்னவென்று பார்க்க எடுத்தேன். புதிதாகத் தொடங்கி இரண்டு மணித்தியாலம் அந்தச் சின்ன ஊர்களுக்குள் வாய் திறந்தபடி நடந்தேன். நிறுத்தும்போது பதிந்து வைக்கப் போனேன். பழையது அழிந்துவிடும், பரவாயில்லையா என்று அது கேட்டது. கேள்வியைப் படித்தேன். படித்துத்தான் ஓம் என்று பட்டனை அமத்தினேன். ஒரு பிள்ளை அதற்குள் என்ன பெரிதாகச் சேர்த்து வைத்திருக்கப் போகிறாள் என்று நினைத்தேன்.

பின்னேரம் மூத்தவள் அழுதாள். எல்லாரும் சின்னவளைப் பார்த்தார்கள். ஏழு வயதுப் பிள்ளை, தான் தொடவில்லை என்றாள். நான் பேப்பரை மடித்து வைத்துவிட்டு, "தொட்டிருந்தாச் சொல்லு, அப்பா அடிக்கமாட்டன்," என்றேன். விடாமல் கேட்டேன். கடைசியில் அவள், தெரியாமல் அமத்திப்போட்டேன் என்றாள். உண்மை சொன்ன பிள்ளை என்று அவளுக்கு ஒரு சொக்லட்டும் கொடுத்தேன்.

சின்னவள் இப்போது என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

"எனக்கு ஞாபகம் இருக்கப்பா," என்றாள். "நான் அமத்தினது. கட்டிலில இருந்து. வெளியில மழை. பட்டன் விரலுக்குச் சில்லெண்டு இருந்தது."

பார்த்து அதிசயிக்க மூன்று வாரம் அந்தக் கருவிக்குள் எவ்வளவோ கண்டிருந்தேன். இது எல்லாவற்றுக்கும் மேலே நின்றது. நடக்காத ஒன்றை, மழையோடும் குளிரோடும், ஒரு பிள்ளைக்குள் நான் பதிந்து வைத்திருக்கிறேன்.

"மழை இல்லை, பிள்ளை. நல்ல வெயில். நான் இந்தக் கதிரையில இருந்தனான்."

"எத்தினை மணி?"

"பத்து, பத்தரை."

"அப்ப நான் பள்ளிக்கூடத்தில."

"ஓம்."

அவள் அந்தக் கசெட்டை எடுத்துத் திருப்பிப் பார்த்தாள்.

"அம்மா கடைசி வரைக்கும் நான்தான் எண்டு நினைச்சவவோ?"

"ஓம்," என்றேன். வேறு எப்படிச் சொல்வது?

அவள் கோட்டை எடுத்துப் போட்டுக்கொண்டு, வாறன் என்றும் சொல்லாமல் இறங்கினாள். "நில்லடி, நில்லு," என்று மூத்தவள் சப்பாத்தை அரைகுறையாகக் கொழுவிக்கொண்டு பின்னால் ஓடினாள். ஜன்னலால் பார்த்தேன். தெரு முடிவில் மூத்தவள் அவள் கையைப் பிடித்தாள், அவள் உதறவில்லை. ஸ்டேஷன் பக்கமாக இருவரும் திரும்பினார்கள். மூத்தவளின் கோட்டும் கைப்பையும் கார்ச்சாவியும் என் வீட்டிலேயே கிடந்தன.