பத்மாதேவிக்கு விட்டுவைத்த நேரத்துண்டு

பரிமளத்தின் சிரிப்புச் சத்தம் கேட்டாலே பத்மாதேவிக்கு நெஞ்சு எரியும்.

யுத்தம் துரத்த, யாழ்ப்பாணத்தைவிட்டுக் கண்டிக்கு வந்தவள் பத்மாதேவி. அஸீமின் கணினி நிலையம் திறந்த நாளிலிருந்தே அங்கு படிப்பிக்கிறாள். பரிமளமோ புசல்லாவைத் தோட்டத்துப் பெண், நேற்று வந்தவள். ஆனால் மாணவர்கள் "பரிமளம் மிஸ்" என்றல்லவா உருகினார்கள்! இப்போது இயங்குதளப் பாடத்துக்கு ஒரே ஓர் ஆசிரியைதான் என்று அஸீம் சொல்லிவிட்டார். இருவரும் அவர் முன்னால் மாணவர்களுக்கு ஒரே பாடத்தை நடத்திக் காட்ட வேண்டும். கணினிக்குள் வேலை செய்யும் செயலி (புரொசெசர்) ஒன்று, அதற்காகக் காத்திருக்கும் வேலைகள் பல. எதை முதலில் விடுவது?

வந்த வரிசைப்படி விடுவதே நியாயம் என்று அடித்துச் சொல்லப் பத்மாதேவி தீர்மானித்திருந்தாள். முதலில் வந்தவளுக்கே முதல் உரிமை என்பது பரிமளத்துக்கும் உறைக்கட்டும்!

பாடம் நடத்திக் காட்ட வேண்டிய அன்று, கட்டுகஸ்தோட்டைப் பாலத்தடியில் இராணுவத்தினர் அவள் வந்த பஸ்ஸை மறித்தார்கள். இறங்கி நின்ற வரிசையில் முன்னால் நின்றவள் அவள்தான். அடையாள அட்டையில் யாழ்ப்பாணம் என்று கண்டதும் சிப்பாய் அவளை ஓரமாக நிற்கச் சொன்னான். அவளை விசாரிக்க நேரமெடுக்கும். மற்றவர்களோ சட்டென்று முடிந்துவிடுவார்கள். அந்த பஸ் போயிற்று. அடுத்த பஸ்ஸில் வந்தவர்களும் அவளைக் கடந்து போனார்கள்.

சின்ன வேலையை முதலில் விட்டால் சராசரிக் காத்திருப்புக் குறையும் என்று எத்தனை தடவை பலகையில் எழுதியிருப்பாள்! சின்ன வேலைகள் வந்துகொண்டே இருந்தால் நீண்ட வேலை பட்டினி கிடக்கும் என்ற வரியை மட்டும் எப்போதும் அவசரமாகத் தாண்டியிருந்தாள்.

இந்நேரம் பரிமளம் சோக்குக்கட்டியும் கையுமாகச் சிரித்துக்கொண்டு நிற்பாள், பாவி!

ஒருவழியாக விட்டார்கள். மூச்சிரைக்க ஓடிவந்தவளைப் பரிமளம் நிலைய வாசலிலேயே பிடித்துக்கொண்டாள்.

"வாங்கக்கா! பயந்தே போயிட்டோம். என்னாச்சு?"

"மறிச்சுப்போட்டாங்கள். நீர் பாடத்தை முடிச்சிட்டீரோ?"

"எங்க முடிக்கிறது? பாதி நேரத்துல நிறுத்திட்டேன். மிச்சம் உங்களுக்கு. நேரத்தைத் துண்டு போட்டு மாறி மாறிக் குடுக்கிறதும் ஒரு முறைதானேக்கா?"

உள்ளே அஸீம் சிரித்தார். "இந்தப் புள்ள என்னை எழும்பவே விடல்ல டீச்சர். தொடங்குங்க."

பத்மாதேவி தயாரித்து வந்ததை மறந்தாள். பாலத்தடியில் நின்ற கதையையே சொன்னாள். வரிசைப்படி விட்டால் பெரிய வேலைக்குப் பின்னால் சின்னவை தவிக்கும். சின்னதை முதலில் விட்டால் பெரியது வாடும். நேரத்தைத் துண்டு துண்டாகக் கொடுத்தால் வேலைகளை மாற்றி மாற்றி ஏற்றும் நேரம் வீணாகும், ஆனால் ஒருவரும் கைவிடப்படுவதில்லை.

"காத்திருக்கக் காத்திருக்க ஒரு வேலையின்ரை முன்னுரிமையைக் கூட்டவும் வேணும், பிள்ளையள்" என்று முடித்தாள். முன்வாங்கில் இருந்த மாணவி ஒருத்தி கண்ணைத் துடைத்தாள்.

பாடம் பத்மாதேவிக்கே கிடைத்தது. முதலில் கைதட்டியவள் பரிமளம்.

திரும்பும் பஸ்ஸில் பத்மாதேவியின் நெஞ்சு முன்னைவிட எரிந்தது. பரிமளம் மறிபட்டிருந்தால், தான் பாதியில் நிறுத்தியிருப்பாளா? மாட்டாள். அந்த நல்ல மனசும் பரிமளத்துக்கே வாய்த்துவிட்டதே!